கேள்வி–பதில்: எல்லை தெரியாத ஆழியும் பாசியும்

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வடதமிழகக் கழிமுகங்களிலும் புதிதாகக் குடியேறும் கடல் உயிர்கள் பற்றி இந்தியா, இலங்கை இரு கரைகளிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். நீண்ட கடிதங்களின் சாரத்தை மட்டும் கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

பாம்பன் வாசகர்: கடலுக்கு வேலி கிடையாது. மீனும் பாசியும் காலங்காலமாக இங்குமங்கும் போய்வருபவைதான். பிறகு எதை ‘அயல் இனம்’ என்று பிரிக்கிறீர்கள்?

தானாக நீந்தி வந்ததும் நீரோட்டத்தில் மிதந்து வந்ததும் அயல் இனம் ஆகாது. மனிதர் வெட்டிய கால்வாய், ஓட்டிய கப்பல், வாங்கிவந்த விதை, கடலில் கொட்டிய மீன்தொட்டி என்று ஏதோ ஒன்றின் உதவியால் வந்ததே அயல் இனம். அப்படி வந்தவற்றிலும் பெரும்பாலானவை வந்த இடத்திலேயே மடிந்துவிடும், அல்லது யாருக்கும் தெரியாமல் ஓரமாகப் பிழைத்துக் கிடக்கும். பல்கிப் பெருகி உள்ளூர் உயிர்களை நெருக்கி, தொழிலையும் கெடுப்பவற்றை மட்டும்தான் ஆக்கிரமிப்பு இனம் என்கிறோம்.

ஒரே உயிர் ஓரிடத்தில் சொந்தம், இன்னோரிடத்தில் தொல்லை. நம் பாறைகளில் விளையும் பச்சை ஆழி (‘ஆழி’ என்பது இங்கே ஒருவகைச் சிப்பி) 1999-இல் அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாயில் ஒட்டியிருக்கக் கண்டார்கள். அங்கே அது அயல் இனம். இந்தியப் பெருங்கடலுக்கு உரிய சிங்க மீன் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய், 2012-க்குப் பிறகு லெபனான், சைப்ரஸ் கரைகளில் பெருகிவிட்டது. நம் ஓரா மீனின் உறவினங்கள் செங்கடலிலிருந்து அதே வழியில் போய், அங்குள்ள பாறைகளின் பாசியை மொட்டையடித்திருக்கின்றன.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. எங்கே தோன்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவை. மன்னார் வளைகுடாவில் காணப்படும் ‘கரிஜோவா ரீசி’ என்ற வெண்பூப் பவளம் கரீபியக் கடலில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. அதனால் நெடுநாள் அதை அட்லாண்டிக் கடலுக்கு உரியதாகவே எண்ணினார்கள். மரபணு ஆய்வோ அதன் வேர் இந்திய–பசிபிக் கடல்களில் இருக்கிறது என்கிறது. இப்படிப்பட்டவற்றை அவசரப்பட்டு ‘அந்நியன்’ பட்டியலில் சேர்த்து அழிக்கக் கிளம்புவது தவறு. பட்டியலில் அதற்கெனத் தனிக் கட்டம் வேண்டும்.

எண்ணூர் வாசகர்: காக்கா ஆழி வந்ததிலிருந்து இறாலும் இல்லை, மட்டியும் இல்லை. கப்பல் தண்ணீரில்தான் வந்தது என்கிறார்கள். உண்மையா?

நீங்கள் சொல்லும் காக்கா ஆழியின் அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. வெப்பமண்டல அமெரிக்காவின் இரு கரைகளும் அதன் பூர்வீகம். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று தென்கிழக்காசியாவில் அடுத்தடுத்துத் தென்பட்டு, 2019-இல் கேரளத்தில் இருப்பது பதிவானது. எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் சேற்றுக்கு மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிட்டது. ஒன்றோடொன்று நூலால் பிணைந்து கிடப்பதால், சேற்றைக் கிளறி வாழும் இறாலுக்கும், புதைந்து மூச்சுவிடும் மட்டிக்கும் இடம் போய்விடுகிறது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் மெல்லப் பழகிக்கொள்ளும். மழைக்கால நன்னீர் வந்தால் செத்துவிடும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

எப்படி வந்தது என்பதற்குத் துறைமுகத்தின் தொழிலைப் பார்க்க வேண்டும். கப்பல் காலியாக வரும்போது நிலைகுலையாமல் இருக்க அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அதுதான் நிலைப்பு நீர், மாலுமிகள் பேச்சில் ‘பலாஸ்ட்’. சரக்கு ஏற்றும் துறையில் அதை வெளியேற்றும். சரக்கை இறக்கும் துறையில் அந்த ஊர் நீரை உள்ளே இழுக்கும். எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் நிலக்கரி இறக்க நிறையக் கப்பல் வருகிறது. அப்படிப்பட்ட கப்பல் இங்கே நீரை விடுவதைவிட எடுத்துப்போவதுதான் அதிகம். ஆகவே நம் உயிர்கள் பிற துறைமுகங்களுக்குப் போகும் அபாயமும் நம் கணக்கில் சேர்ந்தாக வேண்டும்.

அடுத்த சந்தேகம் கப்பலின் வெளிப்புறம். அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஆழியும் ஒட்டாதிருக்க நச்சுப்பூச்சு பூசுகிறார்கள். ஆனால் எந்திரத்துக்குக் கடல்நீர் இழுக்கும் பெட்டிகள், சுக்கான் இடுக்கு, உலர்துறையில் கப்பல் கட்டையின் மேல் அமர்ந்திருந்ததால் பூச்சே ஏறாத இடம், இவையெல்லாம் ஆழிக்கு நல்ல குடித்தனம். துறைக்கு வெளியே பல நாள் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பலில் ஒட்டும் உயிர்கள் இன்னும் அதிகம். காக்கா ஆழி விஷயத்தில் நிலைப்பு நீர், ஒட்டுயிர் இரண்டுமே சாத்தியம். ஒன்றை மட்டும் குற்றவாளியாக்கினால் மற்ற கதவு திறந்தே கிடக்கும்.

தூத்துக்குடி வாசகர்: 2024 செப்டம்பர் முதல் எல்லாக் கப்பலிலும் சுத்திகரிப்புக் கருவி கட்டாயமாகிவிட்டதே. இனிக் கவலை எதற்கு?

சட்டம் நல்ல சட்டம். நிலைப்பு நீர் மேலாண்மை உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் கட்டத்தில் நடுக்கடலில் நீரை மாற்றினால் போதும் என்றிருந்தது. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடம். முடியாவிட்டால் 50 மைல். தொட்டி நீரில் 95 விழுக்காடு மாற வேண்டும், அதாவது தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நீரை ஊடே ஓட்ட வேண்டும். 2024 செப்டம்பர் 8 முதல் அது போதாது. வெளியேறும் ஒரு கன மீட்டர் நீரில் 50 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ளவை 10-க்கும் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 மைக்ரான் வரையுள்ளவை ஒரு மில்லிலிட்டரில் 10-க்கும் குறைவு. காலரா, ஈ.கோலை, குடல் என்டெரோகாக்கஸ் கிருமிகளுக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

தவறுவது எங்கே? கருவி பெரும்பாலும் இரண்டு படி. முதலில் வடிகட்டி, பிறகு புறஊதா ஒளி அல்லது குளோரின். சேறு கலங்கிய துறையில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கலங்கல் நீரில் புறஊதா ஒளி ஊடுருவாது. சரக்கு வேலை நிற்கக்கூடாதென்று கருவியைத் தாண்டி நேராக நீரை இழுப்பார்கள். இதற்கென்றே சர்வதேச கடல்சார் அமைப்பு 2024-இல் இடைக்கால வழிகாட்டுதல் தந்தது. அப்படி இழுத்தால் பதிவேட்டில் எழுது, குழாயையும் தொட்டியையும் அலசு, ஆழ்கடலில் நீரை மாற்று, பிறகு கருவி வழியாக மறுபடி நிரப்பு என்கிறது அது.

இங்கேதான் நம் கடலின் குறுகல் இடிக்கிறது. கொழும்பிலிருந்து தூத்துக்குடி ஒரு நாளுக்கும் குறைந்த ஓட்டம், அதுவும் பெரும்பாலும் ஏதோ ஒரு கரைக்கு 50 மைலுக்குள்தான். நீர் மாற்றுவதற்காகக் கப்பல் வழி மாறவோ தாமதிக்கவோ வேண்டியதில்லை என்று உடன்படிக்கையே சொல்கிறது. அதனால் கொழும்பில் குடியேறும் ஓர் உயிருக்குத் தூத்துக்குடி அடுத்த தெரு. ஒரு துறைமுகத்தின் ஆய்வு முடிவு மற்றதன் மேசைக்கு அதே வாரம் போய்ச் சேராவிட்டால் சட்டம் தாளில்தான் இருக்கும்.

ஒட்டுயிருக்கு இன்னும் இந்த அளவு கட்டாயம் வரவில்லை. 2011-இல் வந்து 2023-இல் திருத்தப்பட்டவை வெறும் வழிகாட்டுதல்கள். இந்தத் துறையில் நடந்த குளோஃபவுலிங் திட்டத்தின் பன்னிரண்டு முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று. அங்கு சேர்ந்த அனுபவம் இந்தப் பக்கத் துறைமுகங்களுக்கும் வேண்டியது.

மன்னார் வாசகர்: இந்தியக் கரையில் வந்தது எங்கள் பக்கம் வந்துவிடுமா? இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்யக்கூடியது என்ன இருக்கிறது?

வரும், அங்கிருந்து இங்கும் வரும். வாடைக்காலத்தில் வங்காள விரிகுடா நீர் பாக் நீரிணை வழியாகத் தெற்கே இறங்குகிறது. தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் ஓட்டம் திரும்புகிறது. ஆழியின் இளரி, அதாவது முட்டையிலிருந்து வந்த நுண்குஞ்சு, சில வாரம் நீரில் மிதக்கும். அறுந்த பாசித்துண்டு மிதந்தபடியே வளரும். கைவிட்ட வலையும் மிதவைக் கட்டையும் ஒட்டிய உயிர்களோடு கரை மாறும். 2011 சுனாமியில் ஜப்பானிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட பொருட்களில் 289 கரையோர இனங்கள் உயிரோடு பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கரை சேர்ந்தன. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கருங்கடலைப் பார்க்கலாம். அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த நெமியாப்சிஸ் என்ற சீப்புச்சொறி (சொறிமீன் போன்ற உயிர்) 1980-களின் தொடக்கத்தில் நிலைப்பு நீரில் அங்கே வந்தது. மீன் முட்டையையும், மீன்குஞ்சு தின்ன வேண்டிய மிதவை உயிர்களையும் அது தின்றது. ஏற்கெனவே மிகைப் பிடிப்பால் தளர்ந்திருந்த நெத்திலித் தொழில் அந்தப் பத்தாண்டின் முடிவில் சரிந்தது. வோல்கா–டான் கால்வாய் காஸ்பியன் கடலுக்கு நேர்வழி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1999-இல் காஸ்பியனில் அதே சொறி கிடைத்தது, அங்கே கில்கா என்ற சிறு மீனின் வளம் சரிந்தது. கரை நாடுகள் ஐந்தும் கூடி டெஹ்ரான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 2003-இல், அது நடைமுறைக்கு வந்தது 2006-இல். சொறி முந்திக்கொண்டது.

பால்டிக், வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் வேறு வழியில் போயின. ஹெல்காம், ஆஸ்பார் என்ற இரு அமைப்புகளும் சேர்ந்து துறைமுக ஆய்வுக்கு ஒரே முறையை வகுத்தன. உயிர்கள் ஒட்டுவதற்கான தட்டு எந்த ஆழத்தில் தொங்க வேண்டும், எந்தப் பொறியில் நண்டு பிடிக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். இரு துறைமுகங்களுக்கிடையே மட்டும் ஓடும் கப்பல் சுத்திகரிப்பிலிருந்து விலக்குக் கேட்டால், இரு துறைகளிலும் இந்த ஆய்வைச் செய்து, இருவரும் ஏற்ற இனப்பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். விலக்கும் ஐந்து ஆண்டுக்கு மேல் கிடையாது.

நம் கடலில் இதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு சென்னையில் இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு உறுப்பினர்கள். 1982-இல் தொடங்கிய தென்னாசியக் கூட்டுறவுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைமையகம் கொழும்பில். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கொழும்பில் இலங்கையின் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா. இவர்களுக்குள் உடனடியாக வேண்டியவை கொஞ்சம்தான். முதலில், இரு கரைக்கும் பொதுவாக, தேடவேண்டிய இனங்களின் ஒரு பட்டியல், இருபது பெயருக்கு மிகாமல். நூறு பெயர் போட்டால் களத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் படம், மீனவர் வழங்கும் பெயர், குழப்பிக்கொள்ளக்கூடிய உள்ளூர் இனத்தின் படம். இரண்டாவது, ஒரே பதிவுப் படிவம்: தேதி, தசம எண்ணில் இடக்குறி (அட்சரேகை, தீர்க்கரேகை), ஆழம், தேடிய முறை, தேடிய நேரம், அடையாளம் உறுதிசெய்தவர். மூன்றாவது, ‘தேடினோம், இல்லை’ என்ற பதிவு.

அந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சென்ற ஆண்டு இல்லை என்று எழுதப்பட்டிருந்தால்தான் இந்த ஆண்டு கிடைத்தது புதிது என்று தெரியும். வெற்றுக் கட்டத்துக்குப் பொருள் ‘இல்லை’யா, ‘தேடவில்லை’யா என்று பத்து ஆண்டு கழித்து யாரும் சொல்ல முடியாது.

மண்டபம் வாசகி: எங்கள் குழுவில் கப்பா பாசி வளர்க்கிறோம். அது தீவுப் பவளத்தை மூடுகிறது என்கிறார்கள். தொழிலை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டியதில்லை, ஆனால் வளர்க்கும் விதம் முக்கியம். கப்பாபைகஸ் அல்வரேசி நம் கடலுக்கு உரியதல்ல, பிலிப்பைன்ஸ் வம்சம். ஆய்வுக்காக 1980-களில் கொண்டுவரப்பட்டது. 2005-இல் தமிழக அரசு, மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதியைத் தவிர்த்து, பாக் விரிகுடாப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று ஆணையிட்டது. அப்படியும் 2008-இல் குருசடைத் தீவில் கிளைப்பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது அறிவியல் இதழில் வெளியானது. இலங்கையின் வடக்கிலும் இதே பாசி வளர்க்கப்படுவதால் இது ஒரு கரையின் பிரச்சினை மட்டுமல்ல.

இங்கே அது பரவுவது பெரும்பாலும் துண்டுகளால்தான். விரல் நுனியளவு துண்டு போதும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்று 60 கிலோ விதை கட்டுகிறீர்கள். 45 நாளில் அது நான்கு மடங்காகும். துண்டு உதிர்வது நான்கு சந்தர்ப்பங்களில். முதலாவது, நாள் கடந்து விடுவது. கனம் ஏறிய கிளை அலையில் தானே ஒடியும், அதனால் 45 நாளைத் தாண்டவிடாதீர்கள், காற்றுக்காலத்துக்கு முன் மிதவையைக் கரையேற்றிவிடுங்கள். அடுத்தது ஐஸ்-ஐஸ் நோய். தண்டு வெளுத்த இடத்தில் அறுந்து, அதற்கு மேலுள்ள நல்ல பகுதி மிதந்து போகும். வெளுப்பு கண்டால் அந்தக் கயிற்றை முழுதாக எடுங்கள். மூன்றாவது, மிதவையின் அடிவலை கிழிவது. அந்த வலை மீன் மேயாமல் காப்பதற்கு மட்டுமல்ல, உதிர்வதைத் தாங்குவதற்கும்தான். நான்காவது அறுவடை. தண்ணீரின் மேல் வைத்து வெட்டிச் சீர்செய்யாதீர்கள், கயிறோடு கரைக்குக் கொண்டுவந்து தார்ப்பாயில் வெட்டுங்கள். கழிவை அலை ஏறாத இடத்தில் காயப்போடுங்கள்.

பவளத்தில் ஏறிவிட்டதைக் கையால் பிய்ப்பது மட்டும் போதாது. 1974-இல் இந்தப் பாசியை ஹவாயின் கனியோஹே விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கு பெற்ற பாடம், ஒட்டியிருக்கும் அடிப்பகுதி மிச்சமிருந்தால் மறுபடி தழைக்கும் என்பது. கடைசியில் நீருக்கடியில் உறிஞ்சும் எந்திரத்தால் பாசியை எடுத்து, மிச்சத்தை மேய அங்கேயே இயல்பாக வாழும் கடல் முள்ளெலியைப் பொரிப்பகத்தில் வளர்த்து விட்டார்கள். மன்னார் வளைகுடாவில் கையால் அகற்றும்போது அடிப்பகுதியைக் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும், நெருங்கிய கண்ணியுள்ள பையில் நீருக்கடியிலேயே கட்ட வேண்டும், சில வாரங்களில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அது தேசியப் பூங்காப் பகுதி. வனத்துறை அனுமதியும் ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது.

புதிய விதை வாங்குவதாக யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். கடற்பாசி விதை இறக்குமதிக்கு ஒன்றிய மீன்வளத் துறை 2024-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தனிமைப்படுத்திப் பார்க்காத விதையோடு ஒட்டுப்பாசியும் நோயும் சேர்ந்தே வரும்.

யாழ்ப்பாணம், கல்லூரி ஆசிரியர்: மாணவர்களைக் கொண்டு இறங்குதுறையில் அயல் இனங்களைக் கண்காணிக்க விரும்புகிறோம். செலவு குறைந்த முறை எது?

ஒட்டுத்தட்டு, அதாவது கடலுயிர்கள் வந்து ஒட்டுவதற்காகத் தொங்கவிடும் தகடு. உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் உங்கள் முடிவைப் பிறரோடு ஒப்பிடலாம். 15 செ.மீ.க்கு 15 செ.மீ. பி.வி.சி. தகடு பத்து வெட்டுங்கள். ஒரு பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள், வழுவழுப்பில் இளரி ஒட்டாது. சொரப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் சேறும் பச்சைப்பாசியும் மூடிவிடும். நீங்கள் தேடும் ஆழி, கடற்பீச்சி (நீரைப் பீய்ச்சும் பை போன்ற உயிர்), பாசிவிலங்கு (பாசிபோல் படரும் நுண்விலங்குக் கூட்டம்) எல்லாம் நிழலான அடிப்பக்கத்தை நாடுபவை. தட்டின் மேல் ஒரு செங்கல்லைக் கட்டி, அந்தக் கனத்தில் கிடைமட்டமாகத் தொங்கும்படி நைலான் கயிற்றில் விடுங்கள். வற்று நீரிலும் ஒரு மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தட்டுக்குத் தட்டு ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள்.

மூன்று மாதம். நம் வெதுவெதுப்பான நீரில் அதற்குள் தட்டு நிறைந்துவிடும். அதற்கு மேல் விட்டால் பெரியவை சிறியவற்றை மூடி, கனத்தில் உரிந்து விழும். ஆண்டுக்கு நான்கு முறை மாற்றினால் வாடையும் கச்சானும் இரண்டும் பதிவாகும். போடும்போதும் எடுக்கும்போதும் உப்பளவையும் வெப்பத்தையும் குறியுங்கள்.

எடுத்தவுடன் கடல்நீர் நிரப்பிய தட்டத்தில் மூழ்க வையுங்கள். காற்றில் வைத்துப் படமெடுத்தால் எல்லாம் சுருங்கி ஒரே சதைக்கட்டியாகத் தெரியும். செங்குத்தாக மேலிருந்து, அளவுகோலும் பென்சிலால் எழுதிய சீட்டும் படத்தில் விழும்படி எடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். 5-க்கு 5 கட்டமுள்ள கண்ணாடித்தாளை மேலே வைத்து, கட்டத்துக்கு ஒன்றாக 25 புள்ளிகளிலும் கீழே என்ன இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு புள்ளியில் விழாமல் மிச்சமிருப்பதையும் தேடுங்கள். புதிய இனம் பெரும்பாலும் ஓரத்தில் ஒற்றையாகத்தான் இருக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் நிறையக் கெடுகிறது. ஒவ்வொரு இனத்திலும் இரண்டு மாதிரி. ஒன்று 95 விழுக்காடு எத்தனாலில், மரபணுவுக்காக. திசுவிலுள்ள நீர் சாராயத்தை நீர்த்துவிடும், அதனால் மறுநாள் புதிதாக மாற்றுங்கள். மற்றது கடல்நீரில் கலந்த 4 விழுக்காடு ஃபார்மலினில், உருவம் பார்க்க. ஃபார்மலினில் போட்டதில் மரபணு எடுப்பது மிகக் கடினம், ஒரே மாதிரியை வைத்து இரண்டும் செய்ய முடியாது. கடற்பீச்சியை நேரடியாகப் போட்டால் சுருங்கிப்போய் அடையாளமே தெரியாது. முதலில் கடல்நீரில் கொஞ்சம் புதினாக்கற்பூரம் (மெந்தால்) தூவி, தொட்டால் சுருங்காத நிலை வரும்வரை சில மணி நேரம் விட்டுப் பிறகு போடுங்கள். ஃபார்மலின் வேலை ஆசிரியர் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டியது. மாணவரிடம் தராதீர்கள்.

எரிபொருள் நிரப்பும் இடத்துக்கு அருகிலும், புதிதாக நச்சுப்பூச்சு பூசிய வள்ளத்தின் பக்கத்திலும், மழைநீர் வடிகால் விழும் இடத்திலும் தட்டு காலியாகவே இருக்கும். காலி என்பதால் கடல் சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது. தரையைத் தொடும்படி தொங்கினால் நண்டும் நத்தையும் ஏறித் தின்றுவிடும். கயிறு தூணில் உராய்ந்து அறுவது வழக்கம், அந்த இடத்தில் பழைய ரப்பர்க் குழாயைச் செருகுங்கள். சிறுவர் இழுத்துப் பார்ப்பார்கள், ‘ஆய்வு’ என்று பலகை எழுதி மாட்டுங்கள்.

ராமேசுவரத்திலோ தொண்டியிலோ ஒரு கல்லூரியோடு பேசி, அதே தட்டு, அதே ஆழம், அதே மாதம் என்று செய்தால் உங்கள் பத்துத் தகடு பல மடங்கு மதிப்புப் பெறும்.

காரைநகர் வாசகர்: ஒரு போத்தல் தண்ணீரில் எல்லா உயிரையும் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை வந்துவிட்டதாமே. பிறகு தட்டு எதற்கு?

நீரில் உதிர்ந்த செதிலிலும் சளியிலும் கழிவிலும் உள்ள மரபணுவைத் தேடும் முறை அது. ஒரு லிட்டர் வீதம் மூன்று மாதிரி, 0.45 மைக்ரான் வடிதாள், கூடவே காய்ச்சி வடித்த நீரை வைத்து ஒரு வெற்று மாதிரி என்பது வழக்கமான ஏற்பாடு. வெற்று மாதிரியிலும் அயல் இனம் தெரிந்தால் கருவியிலோ கையிலோ கலப்பு என்று பொருள், அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டும்.

குறைகள் இரண்டு. உயிரோடு இருக்கிறதா, செத்ததா, அப்போதுதான் ஒரு கப்பல் கொட்டிய நீரா என்று மரபணு சொல்லாது. மீன் சந்தைக் கழிவுநீர் விழும் துறையில் வராத மீனும் ‘கிடைக்கும்’. அடுத்தது, ஒப்பிடும் மரபணுத் தொகுப்பில் நம் கடல் உயிர்கள் பலவற்றின் பதிவு இல்லை. பதிவில்லாத உள்ளூர் இனத்தை எந்திரம் பக்கத்து உறவினத்தின் பெயரில் காட்டிவிடும். இந்தச் சோதனையை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டு, மணி அடித்தால் இறங்கி உயிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் தட்டில் கிடைத்த, சரியாக அடையாளம் கண்ட மாதிரிகளே அந்தத் தொகுப்பை நிரப்பும்.

ராயபுரம் வாசகர்: படகைக் கரையேற்றிச் சுரண்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சுரண்டியது தண்ணீருக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான் தலையாயது. அடியில் தார்ப்பாய் விரித்து, சேர்ந்ததை அள்ளிக் கரையில் புதையுங்கள். நல்ல தண்ணீர் பீய்ச்சினால் சாகும் என்று நினைக்காதீர்கள், கழிமுக ஆழிகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு தாங்கும். வெயிலில் பல நாள் நன்றாகக் காய்வதே நம்பகமானது. எந்திரத்தின் குளிர்நீர்க் குழாய், சுக்கான் இடுக்கு, நங்கூரக் கயிறு, ஈர வலை எல்லாவற்றையும் பாருங்கள். படகை ஒரு கழிமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு லாரியில் ஏற்றுவதற்கு முன் இது கட்டாயம்.

புன்னக்காயல் வாசகர்: பிடித்துத் தின்றே தீர்த்துவிட முடியாதா?

சில இனங்களில் உதவும். சைப்ரஸில் சிங்க மீனை உணவாக்க ஊக்குவிக்கிறார்கள், முள்ளின் நஞ்சு சதையில் இல்லை. அதே கடலில் 2003-இல் முதலில் பிடிபட்ட வெள்ளிக்கன்னப் பேத்தை மீனோ தின்றால் கொல்லும் நஞ்சுடையது. அதனால் துருக்கி அரசு வாலுக்கு இவ்வளவு என்று மீனவருக்குப் பணம் தருகிறது. காக்கா ஆழியைப் பொறுத்தவரை, தொழிற்சாலைக் கழிவு சேரும் கழிமுகத்தில் வடிகட்டி உண்ணும் சிப்பி கன உலோகத்தைச் சேர்த்துவைக்கும். சோதிக்காமல் மனிதரும் தின்னக் கூடாது, இறால் பண்ணைத் தீவனமும் ஆக்கக் கூடாது. சந்தை உருவானால் இன்னோர் ஆபத்தும் உண்டு. விலை கிடைக்கிறதென்று யாராவது புதிய கழிமுகத்தில் விதைத்துவிடுவார்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: உலகில் எங்காவது இப்படி வந்ததை முழுதாக ஒழித்திருக்கிறார்களா? நாங்கள் ஏதாவது கண்டால் யாரிடம், எப்படிச் சொல்வது?

ஒழித்திருக்கிறார்கள், மிக அரிதாக. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999 மார்ச் இறுதியில் ஒரு படகுத்துறையில் மைட்டிலாப்சிஸ் சலேயி என்ற கருவரிச் சிப்பி கிடைத்தது. 1967-இல் விசாகப்பட்டினத்தில் பதிவாகி, பின்னர் மும்பையிலும் நிலைத்துவிட்ட அதே சிப்பிதான். டார்வினில் ஒரு சதுர மீட்டரில் 20,000-க்கும் மேல் இருந்தன. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பு, 1998 செப்டம்பரில், அங்கே தேடி ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அதனால் புதிது என்பது உடனே தெரிந்தது. மூன்று படகுத்துறைகளின் மதகை மூடி, குளோரினும் மயில்துத்தமும் போட்டு, அங்கிருந்து ஏற்கெனவே கிளம்பிப் போன படகுகளையெல்லாம் தேடிப்பிடித்துச் சோதித்து, சில வாரங்களில் முடித்தார்கள். மதகுக்குள் இருந்த மற்ற உயிர்களும் செத்தன. மதகில்லாத எண்ணூரிலோ பாக் விரிகுடாவிலோ இந்த மருந்து செல்லாது. அங்கே நமக்கிருக்கும் ஒரே வாய்ப்பு, முதல் சில பிடிபடும்போதே கையால் எடுப்பது.

அதனால் பழக்கமில்லாத ஒன்று வலையில் வந்தால் தூக்கி எறியாதீர்கள். குறிப்பாக, வேறோர் இடத்துக்குப் போன பிறகு கடலில் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து மேல், கீழ், பக்கவாட்டில் என்று மூன்று படம் எடுங்கள். சிப்பியென்றால் ஓட்டின் உட்புறத்தையும் எடுங்கள். கைபேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். எத்தனை பாகம் ஆழம், என்ன வலை, எத்தனை கிடைத்தது என்று எழுதுங்கள். உயிரைப் பனிக்கட்டியில் வையுங்கள். உங்கள் ஊரில் மீன்வளத் துறை அலுவலகம், மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தீவுப் பகுதியென்றால் ராமநாதபுரம் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக வனத்துறை அலுவலகம். இலங்கைக் கரையில் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை அல்லது நாரா. பதில் வர ஒரு வாரம் ஆனாலும் மாதிரியைப் பனியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.